நகரமைப்பில் உழவுக்கும் இடம் வேண்டும்!

தமிழன் ஊரையும் கழனியையும் பிரித்துப் பார்த்தவன் அல்லன். நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், வயலையும் வயலைச் சார்ந்த இடத்தையும் மருதம் என்றனர். அம் மருதத்துத் தலைவனுக்கு ஊரன் என்றே பெயரிட்டனர். மலைநிலத் தலைவன் வெற்பன் எனவும், கடற்கரைத் தலைவன் சேர்ப்பன் எனவும் தத்தம் நிலத்தாற் பெயர் பெற்றவாறே, வயல்நிலத் தலைவன் ஊராற் பெயர் பெற்றான். ஊர் என்பது வயலின் நடுவே அமைவது, வயலால் வாழ்வது, வயலை ஆள்வது என்னும் தெளிவு அப் பெயரீட்டிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

சிற்றூர்க்கன்றோ இது பொருந்தும், பேரூர்க்குப் பொருந்துமோ என வினவுவார்க்குப் பட்டினப்பாலை விடை கூறும். கடல்கடந்த வணிகத்தாற் செழித்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பண்டகசாலையையும் அங்காடியையும் காட்டுமுன், நெல்லும் கரும்பும் வாழையும் தெங்கும் கமுகும் மஞ்சளும் இஞ்சியும் சேம்பும் விளைந்த தோட்ட நிலத்தைக் காட்டுகின்றார். அன்றைய உலகப் பெருநகர்களுள் ஒன்றின் வாயிலிலேயே சேம்பும் இஞ்சியும் முளைத்தன என்பதைப் புலவர் இழிவாகக் கருதவில்லை, பெருமையாகவே கருதினார்.

நாகரிகம் என்னும் சொல் நகர் என்பதினின்று தோன்றியது என மொழிஞாயிறு பாவாணர் விளக்கினார். பண்பாடு என்னும் சொல்லோ நிலத்தைப் பண்படுத்துவதோடு உறவுடையது. ஒன்று நகரினின்று பிறந்தது. மற்றொன்று உழவினின்று பிறந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததே தமிழ் வாழ்வு. ஆனால், இன்று நம் நாட்டில் வரையப்பெறும் நகரமைப்புத் திட்டங்கள் முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னதைத் துடைத்தெறிகின்றன. இதன் விளைவு என்னவாகும் என்பதைக் கோவையைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் ஊர் தமிழகத்தில் வேறொன்று இல்லை.

கோவை நொய்யலாற் பிறந்த ஊர். மேற்குத் தொடர்ச்சிமலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் அவ்வாறு, கோவை, திருப்பூர், ஈரோட்டு நிலங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கின்றது. பேராறு அன்று, மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் வற்றும் சிற்றாறே. இத்தகைய ஆற்றை நம்பி ஊர் அமைக்க வேண்டுமாயின், வரும் நீரைத் தேக்கிவைக்கும் அறிவு வேண்டும். அவ்வறிவு நம் முன்னோர்க்கு இருந்தது. ஆற்றின் குறுக்கே தாழ்ந்த அணைக்கட்டுகளை அடுத்தடுத்து எழுப்பினர். ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் வாய்க்கால் பிரித்துக் குளங்களை நிரப்பினர். சித்திரைச்சாவடி அணைக்கட்டின் வாய்க்கால் நரசாம்பதி, கிருட்டிணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமிக் குளங்களுக்கு நீரூட்டியது. கோவை அணைக்கட்டின் வாய்க்கால் உக்கடத்துப் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் நோக்கி ஓடியது. குறிச்சிக்கும் சிங்காநல்லூர்க்கும் தனித்தனி அணைக்கட்டுகள் இருந்தன. ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அடுத்த குளத்திற்கு நீர் செல்லும். கடைசிக் குளமும் நிரம்பினால் மிச்சநீர் ஆற்றுக்கே திரும்பும். குளங்களின் கீழே நெல்வயலும் வாழைத்தோட்டமும் கீரைப்பாத்தியும் இருந்தன. ஊரின் மேட்டுநிலத்தில் மக்கள் குடியிருந்தனர். பள்ளநிலத்தில் பயிர் இருந்தது. இதனினும் சிறந்த நகரமைப்புத் திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்கும்?

மேலைநாட்டு நகரமைப்பு வல்லுநருள் ஒருவரான பேட்ரிக் கெடிசு 1914, 1915ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் வரைந்தார். கோவையும் அவற்றுள் ஒன்று. பழைய குளங்களைத் தூர்த்து மனையாக்குவது அறிவுடைமை ஆகாது, அவற்றைத் தூய்மை செய்து பேணுவதே நகர்க்கு நன்று என்பது இந்தியா முழுவதும் அவர் வலியுறுத்திய கருத்து. அயல்நாட்டார் ஒருவர்க்கு நூறாண்டுக்கு முன்னரே விளங்கிய உண்மை, இன்னும் நம் ஆட்சியாளர்க்கு முழுமையாக விளங்கவில்லை.

கோவை 1866இல் நகராட்சியாயிற்று. 1888இல் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்னாற்றல் வந்தபின் ஆலைகள் பெருகின. 1981இல் மாநகராட்சியாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகர்த்தொகுதியின் மக்கள்தொகை 21 இலக்கத்தைக் கடந்தது. அவ்வாண்டிலேயே மாநகராட்சியின் எல்லை ஏறத்தாழ 105 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 257 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. வளர்ச்சியை நாம் வெறுக்கவில்லை. ஆலைகளால் இலக்கக் கணக்கான தமிழர் உண்டு உடுத்தனர் என்பதை மறுக்கவும் இல்லை. நாம் கேட்பது ஒன்றே: எல்லை விரியும்போது அதனுள் வந்து சேர்ந்த கழனிகள் எங்கே போயின?

குளங்கள் இருக்கின்றன, அவற்றின் கீழிருந்த வயல்கள் இல்லை. 2010இல் நகர்க்குள் இருந்த குளங்கள் பொதுப்பணித் துறையிடமிருந்து மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. 2016இல் சீர்மிகு நகர்த் திட்டத்தின் முதற்பட்டியலிலேயே கோவை இடம் பெற்றது. அதன்பின் குளக்கரைகளில் கற்காரை நடைபாதைகளும் வண்ண விளக்குகளும் அமைந்தன. மாலையில் மக்கள் காற்று வாங்கவும் குழந்தைகள் விளையாடவும் இடம் கிடைத்ததை நாம் குறை கூறவில்லை. ஆயினும், குளம் என்பது வெறும் நீர்ப்பரப்பு அன்று. நீர்வரத்து நிலம், வாய்க்கால், கரை, மதகு, மதகின் கீழே நீர் பாயும் வயல் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே குளம். வயல் போனபின் மதகைத் திறப்பார் இல்லை. மதகைத் திறப்பார் இல்லாதபோது வாய்க்காலைத் தூர்வாருவார் இல்லை. வாய்க்கால் அடைபட்டபின் குளத்திற்கு வருவது மலைநீர் அன்று, சாய்க்கடை நீரே. குளத்தைக் காத்தவர் அதன்கீழ் உழுதவரே. அவரை வெளியேற்றிவிட்டுக் கரையில் விளக்கேற்றுவது, வீட்டுக்குரியவரைத் துரத்திவிட்டு வாயிலில் தோரணம் கட்டுவதை ஒக்கும்.

இனி, கருமத்தம்பட்டிக்கு வருவோம். அவினாசிச் சாலையில் கோவைக்குக் கிழக்கே சூலூர் வட்டத்தில் உள்ள இவ்வூர், 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்த்தப்பெற்றது. சோமனூரும் கருமத்தம்பட்டியும் விசைத்தறியால் அறியப்பட்ட ஊர்கள். தறிக்கொட்டகைக்கு அப்பால் சோளமும் கம்பும் கொள்ளும் பருத்தியும் விளைந்த காடுகள் இருந்தன. கொங்கு வழக்கில் காடு என்றால் மரமடர்ந்த கானகம் அன்று. வானம் பார்த்த விளைநிலம். கிணற்றுநீர் பாய்வது தோட்டம். ஆற்றுநீரோ குளத்துநீரோ பாய்வது வயல். நீரின் வரத்தை வைத்தே நிலத்திற்குப் பெயர் வைத்த கூர்மதி இது.

அந்தக் காடும் தோட்டமும் மனையாவது எப்படி என்பதை ஊரறியும். முதலில் மழை பொய்க்கும். கிணறு வற்றும். கடன்பட்டு ஆழ்குழாய் இறக்குவான். நூறடியில் கிடைத்த நீர் ஆயிரம் அடியிலும் கிடைக்காமற் போகும். ஆள்கூலி கட்டுப்படியாகாது, சந்தைக்குக் கொண்டுபோன தக்காளிக்கு வண்டி வாடகையும் தேறாது. மகன் தறிக்கோ ஆலைக்கோ போவான். பக்கத்துத் தோட்டத்தில் எல்லைக்கல் நடப்படும். அதனால் தன் தோட்டத்துக்கு வரும் வண்டித்தடம் அடைபடும். அதன்பின் தரகன் வருவான். இருபதாண்டு உழுதும் காணாத தொகையை ஒரே நாளிற் காட்டுவான். உழவன் என்ன செய்வான்? விற்ற உழவனைப் பழிப்பது கொடுமை. அவன் நிலத்தை விற்கவில்லை. நிலம் அவன் கையிலிருந்து பறிந்துபோகும்படி எல்லாம் முன்னரே அமைக்கப்பட்டிருந்தன.

அவ்வாறு தோட்டத்தை அழித்தபின் அங்கே நடப்படும் பெயர்ப்பலகையைப் பாருங்கள்! தென்னையையும் வேம்பையும் வேரொடு பிடுங்கிவிட்டு, அவ்விடத்துக்குக் ‘கார்டன்’ என்று பெயர் சூட்டுகின்றனர். பள்ளத்தைத் தூர்த்துவிட்டு ‘லேக் வியூ’ என்கின்றனர். பாட்டன் பூட்டன் காலமாக ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் வழங்கிய பெயர், ஒரே இரவில் அழிகின்றது. மேட்டுக்காடு, பள்ளத்தோட்டம், கிணற்றுமேடு, வேப்பமரத்துக்காடு என்பன போன்ற பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. அந்நிலத்தின் மண்ணையும் நீரையும் மரத்தையும் பதிந்துவைத்த ஏடுகள். கவலை ஓட்டிய காலத்துச் சொற்களான சால், வடம், வாரி என்பன எத்தனை மாணவர்க்கு இன்று தெரியும்? மதகு, மடை, வரப்பு, பாத்தி, பட்டம் ஆகியவையும் அவ்வழியே போகத் தொடங்கிவிட்டன. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் ஏட்டிலுள்ள சொற்களை மீட்டது. ஆனால் உழவுச் சொல் ஏட்டில் மட்டும் வாழாது, உழுமிடத்தில்தான் வாழும். கழனியைக் காக்காமல் மொழியைக் காப்போம் என்பது, வேரை வெட்டிவிட்டு இலைக்கு நீர் தெளிப்பதாகும். எனவேதான், நகரமைப்பு நமக்கென்ன என்று தமிழியக்கத்தார் ஒதுங்கி நிற்றல் ஆகாது என்கின்றோம்.

சட்டம் என்ன சொல்கின்றது? தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பெற்றது. அதன்கீழ்க் கோவைக்குரிய முழுமைத் திட்டம் 1994இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த திட்டத்தின் வரைவு, 2041ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு, முப்பதாண்டு கழித்து 2024இல்தான் மக்கள்முன் வைக்கப்பெற்றது. இடைப்பட்ட முப்பதாண்டில் நகரம் திட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. சாலை போன வழியெல்லாம் தானும் போயிற்று. திட்டங்களில் குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி என நிலத்துக்கு வண்ணம் பூசுகின்றனர். வேளாண்மைக்கும் ஒரு வண்ணம் உண்டு. ஆனால் நடைமுறையில் அவ்வண்ணத்துக்குப் பொருள், ‘இன்னும் கட்டப்படாத நிலம்’ என்பதே. விண்ணப்பம் ஒன்று எழுதி, கட்டணம் ஒன்று செலுத்தி, எந்நாளும் மாற்றிக்கொள்ளத்தக்க காத்திருப்பு நிலமாகவே அது கருதப்படுகின்றது. மருத்துவமனையும் பள்ளியும் சாலையும் போல உழவும் நகர்க்கு இன்றியமையாத ஓர் உறுப்பு என்னும் எண்ணம் திட்டத்தில் இல்லை.

நகர்க்குள் உழவு என்றால் நகைப்பார் உளர். ஓர் ஏக்கர் பல கோடி விலைபோகும் இடத்தில் கத்தரியும் வெண்டையும் விளைப்பது பேதைமை என்பர். கழனியின் விலையைக் கத்தரிக்காயால் மட்டும் கணக்கிடுவதே பேதைமை. பெருமழையில் கழனி நீரைக் குடிக்கும், கற்காரை குடிக்காது. அவினாசிச் சாலை மேம்பாலத்தின் அடியில் ஒருமணி நேர மழைக்கே நீர் தேங்கிப் போக்குவரவு நின்றதைக் கோவை பன்முறை கண்டது. கழனி நிலத்தடி நீரை ஊட்டும், வெயிலைத் தணிக்கும், நகரின் மட்கும் குப்பையை உரமாக ஏற்கும், முதியவர்க்கும் பெண்டிர்க்கும் வேலை தரும். இவற்றுக்கெல்லாம் தனித்தனியே வடிகாலும் குழாயும் கிடங்கும் அமைப்பதற்கு மாநகராட்சி செலவிடும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், கழனியைக் கழனியாகவே வைத்திருப்பது எத்துணை மலிவு என்பது விளங்கும்.

உணவின் கரணியமும் உண்டு. நெடுந்தொலைவிலிருந்து வண்டியில் வரும் காய்கறியை நம்பிய நகரம், வழி அடைபட்டால் நான்கே நாளில் வாடிவிடும். கியூபா நாட்டின் ஆவானா நகர் இதை 1991க்குப்பின் உணர்ந்தது. சோவியத்து ஒன்றியம் உடைந்து எரியெண்ணெய் வரத்துக் குறைந்தபோது, சிற்றூர்களில் விளைந்ததை நகர்க்குக் கொண்டுவர வண்டி ஓடவில்லை. மக்கள் வெற்று மனைகளிலும் கட்டட இடுக்குகளிலும் பாத்தி கட்டினர். அரசும் நிலமும் பயிற்சியும் தந்தது. நம் உறவினர் வாழும் ஈழத்தீவிலும் 2022ஆம் ஆண்டுப் பொருளியல் வீழ்ச்சியின்போது, பயிர் செய்வதற்கென அரசு ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுப்பளிக்க இலங்கையரசு முடிவு செய்தது. அத்தகைய நாளில் விடுப்பு மட்டும் போதாது. கைக்கெட்டும் தொலைவில் மண் வேண்டும். யாழ்ப்பாணத்தார் வளவு என்று அழைக்கும் வீட்டுத் தோட்டத்தில் கிணறும் முருங்கையும் வாழையும் இருந்தமையால், அம்மக்கள் எத்தனையோ இடுக்கண்களைத் தாங்கினர். நம் கொங்குப் பொடக்காலியிலும் குளித்த நீரிலும் பாத்திரம் கழுவிய நீரிலும் அவரைப் பந்தலும் கறிவேப்பிலையும் வளர்ந்தன. அடுக்ககங்களில் பொடக்காலிக்கு இடம் ஏது?

மாடித்தோட்டம் போதாதா என்பார் சிலர். 2013இல் தமிழக அரசு நகர்ப்புறத் தோட்டக்கலைத் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி, விதையும் பையும் தென்னைநார்க் கழிவும் மானிய விலையில் வழங்கியது. நல்ல முயற்சியே. ஆயிரக்கணக்கான இல்லங்களில் மாடிமேல் தக்காளி சிவந்தது. எனினும், மாடியிலுள்ள பை குளத்தைக் காக்காது, வாய்க்காலைத் தூர்வாராது, உழவன் ஒருவனுக்கும் வாழ்வளிக்காது. மாடித்தோட்டம் வேண்டும், அதைக் காட்டிக் கழனியை விற்றுவிடலாம் என்னும் சூழ்ச்சி வேண்டா.

சாய்க்கடை நீரிற் காய்கறி விளைந்தால் நோய் வராதா என்னும் கேள்வி மட்டும் உண்மையிலேயே எண்ணத்தக்கது. நொய்யலின் கீழ்ப்பகுதியில் சாயக்கழிவு செய்த கொடுமையை ஒரத்துப்பாளையம் அணை உலகுக்குக் காட்டியது. உழவுக்கெனக் கட்டிய அணையே உழவர்க்குப் பகையாயிற்று. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லும் அளவுக்கு அத்தீமை முற்றியது. ஆகவே ஆலைக்கழிவும் வீட்டுக்கழிவும் கலவாமற் பிரிப்பதே முதற்பணி. வீட்டுக்கழிவு நீரைத் தூய்மை செய்தபின் பயிர்க்குப் பயன்படுத்தலாம் என்பதற்குக் கொல்கத்தா சான்று. அந்நகரின் கிழக்கே 12,500 எக்டேர்ப் பரப்பில் விரிந்த சதுப்புநிலத்தில், நகரின் கழிவுநீர் வெயிலாலும் பாசியாலும் தூய்மையுற்று மீனாகவும் நெல்லாகவும் காய்கறியாகவும் நகர்க்கே திரும்புகின்றது. 2002இல் அந்நிலம் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் இராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. அதைக் கண்டறிந்து விளக்கியவர் துருவசோதி கோசு என்னும் பொறியாளர். அதைச் செய்துகாட்டியவரோ பள்ளிப்படிப்பும் இல்லாத மீனவரும் உழவரும்.

குப்பையின் கதையும் அதுவே. கோவையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் டன் குப்பை சேர்கின்றது. வெள்ளலூர்க் கிடங்கில் அது மலையாகக் குவிந்தது; 2024 ஏப்பிரலில் தீப்பற்றிப் பல நாள் புகைந்து சுற்றியிருந்த மக்களை மூச்சுத்திணற வைத்தது. அக்குப்பையிற் பெரும்பகுதி, கருமத்தம்பட்டிக் காட்டிலும் தொண்டாமுத்தூர்த் தோட்டத்திலும் விளைந்து நகர்க்குப் போன பொருளின் மிச்சமே. மண்ணின் சத்து நகர்க்குப் போகின்றது, திரும்பி வருவதில்லை. வெள்ளலூரில் அது நஞ்சாகின்றது. தோட்டத்தில் மண் மலடாகின்றது. உழவன் உரமூட்டைக்குக் கடன் வாங்குகின்றான். மாநகராட்சி குப்பையை அகற்றக் கோடிகளை இறைக்கின்றது. ஒரே நோய்க்கு இருவர் இருவேறு மருந்துக்குப் பணம் அழுகின்றனர்.

இவ்வளவுக்கும் கோவை அறிவில்லாத ஊரா? வேளாண் கல்லூரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சைதாப்பேட்டையிலிருந்து இங்கு வந்தது, 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. 1912இல் இங்கு அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆக்கிய கரும்பு வகைகள், கோவையின் பெயர்க்குறியைத் தாங்கி உலகின் பல நாடுகளில் விளைந்தன. இன்றும் மாநகரின் நடுவே அப்பல்கலைக்கழகத்தின் நன்செய்யில் நெற்பயிர் அசைகின்றது. நகர்க்குள் உழவு இயலாது என்பார், மருதமலைச் சாலையில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்!

நீரும் ஒருவாறு வந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் போராடிப் பெற்ற அத்திக்கடவு – அவினாசித் திட்டம் 2024 ஆகத்து 17ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பவானியாற்றின் மிகைநீரில் ஆண்டுக்கு 150 கோடி கன அடியைக் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம்குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர் என்பது அரசின் கணக்கு. அத்தை மக்களும் மாமன் மக்களும் கொடிபிடித்து வாதாடிய நீர் வந்தது. ஆனால் அந்நீரைக் கேட்டுப் போராடத் தொடங்கிய தலைமுறையின் காடுகளில் எத்தனை இன்று காடாக இருக்கின்றன? குளம் நிறைந்து, குளத்தைச் சுற்றி எல்லைக்கற்கள் மட்டும் நிற்குமாயின், அந்நீர் மனைவிலையை உயர்த்துமேயன்றி ஒரு பிடி கம்பையும் விளைக்காது. நீர்த்திட்டத்துக்கு 1,900 கோடி உருவாவுக்கு மேல் செலவிட்ட அரசு, அந்நீர் பாயவேண்டிய நிலத்தைக் காக்க ஒரு வரி எழுதாமல் இருப்பது முறையா?

உழவர் ஒன்றுபட்டால் அரசு செவிசாய்க்கும் என்பதையும் இந்நிலம் கண்டது. அன்னூர், மேட்டுப்பாளையம் பகுதிகளில் தொழிற்பூங்காவுக்கென விளைநிலம் கேட்கப்பட்டபோது மக்கள் எழுந்தனர். 2022 திசம்பரில், உழவரின் இசைவின்றி அவர்தம் நிலம் எடுக்கப்படாது என அரசு அறிவிக்க நேர்ந்தது. எனவே கேட்பது வீண் என்று சோர்வுற வேண்டா. கேட்பதைத் தெளிவாகக் கேட்போம்.

முதலாவது, ஒவ்வொரு குளத்தையும் அதன் வாய்க்காலோடும் எஞ்சியுள்ள வயலோடும் சேர்த்து ஒரே வட்டாரமாகத் திட்டத்தில் குறிக்க வேண்டும். அவ்வட்டாரம் நிலைத்த வேளாண் நிலம் என அறிவிக்கப்பெற வேண்டும். எளிதில் மாற்றும் வழி அடைபட வேண்டும்.

இரண்டாவது, அவ்வாறு அறிவிக்கும்போது உழவனுக்கு இழப்பு நேரக்கூடாது. பக்கத்து நிலத்தான் கோடிக்கு விற்க, இவன் மட்டும் நாட்டுக்காக ஏழையாய் இருக்கவேண்டும் என்பது அறமன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து மாண்ட்கோமரி மாவட்டத்தில் 1980இல் 93,000 ஏக்கரை வேளாண் காப்புநிலம் என வகுத்தபோது, அங்குள்ள உழவர் தம் கட்டட உரிமையை மட்டும் நகர்ப்பகுதியிற் கட்டுவோர்க்கு விற்கலாம் என விதித்தனர். நிலம் உழவனிடமே நின்றது. பணமும் அவனுக்கு வந்தது. கட்டடம் எழவேண்டிய இடத்தில் எழுந்தது. வளர்ச்சி உரிமை மாற்றம் என்னும் முறை நம் கட்டட விதிகளிலும் உண்டு. சாலைக்கும் பொதுஇடத்துக்கும் பயன்படும் அதை உழவு நிலத்துக்கும் விரிப்பதில் என்ன தடை?

மூன்றாவது, பெரிய மனைப்பிரிவுகளில் பொதுப்பயனுக்கென விடவேண்டிய பத்து விழுக்காட்டு நிலம் பல ஊர்களில் முட்புதராகவும், வலியவர் கைப்பற்றிய இடமாகவும் கிடக்கின்றது. மக்கள் வழக்கில் ‘ரிசர்வ் சைட்’ எனப்படும் அந்நிலத்தில் ஒரு பகுதியை, அங்கு வாழ்வோர் பயிரிடும் பொதுத்தோட்டமாக ஆக்க வேண்டும். இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் ஊரின் வாக்காளர் அறுவர் சேர்ந்து எழுதிக்கேட்டால், பயிரிடும் துண்டு நிலம் பற்றி ஊராட்சி எண்ணியே ஆகவேண்டும். நமக்கும் அத்தகைய விதி வேண்டும். குத்தகைக்கு நிலம் பெறுவதில் நிலமற்ற உழைப்பாளர்க்கும், காலங்காலமாக ஒரு செண்டு நிலமும் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் முன்னுரிமை வேண்டும்.

நான்காவது, மட்கும் குப்பையை அந்தந்த வட்டத்திலேயே உரமாக்கி, சுற்றுப்புற உழவர்க்கு விலையின்றி வழங்க வேண்டும். தூய்மை செய்த கழிவுநீர் முதலில் வயலுக்கே உரியது என விதிக்க வேண்டும்.

ஐந்தாவது, 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை முறை, கருமத்தம்பட்டி போன்ற புதிய நகராட்சி ஒவ்வொன்றிலும் திட்டத்தின் உறுப்பாகவே அமைய வேண்டும். விற்குமிடம் அருகில் இருந்தால்தான் சிறு தோட்டம் நிலைக்கும்.

ஆறாவது, நிலவரைபடமும் விளக்கமும் விதியும் உழவன் படித்தறியும் எளிய தமிழில், அவன் ஊரிலேயே மக்கள்முன் வைக்கப்பெற வேண்டும். தன் காட்டுக்கு எந்த வண்ணம் பூசப்பட்டது என்பதை அறிய ஒருவன் ஆங்கிலமறிந்தவனைத் தேடி அலைய நேர்ந்தால், அவ்வாட்சி அவனுடைய ஆட்சி ஆகாது.

இவை அரசு செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியவையும் உள. நகராட்சியின் பகுதிக் கூட்டங்களுக்குச் சென்று, நம் ஊர்க் குளத்தின் வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது எனக் கேட்டு வாங்குவோம். ஆசிரியராய் இருப்போர் மாணவரை அழைத்துச்சென்று, முதியோரிடம் காட்டின் பெயரையும் கிணற்றின் பெயரையும் கேட்டு எழுதிவைக்கச் செய்வோம்; அப்பெயர்களையே புதிய தெருக்களுக்குச் சூட்டும்படி வேண்டுவோம். வீடு கட்டுவோர் ஒரு முருங்கைக்காவது மண் விடுவோம். விற்றே தீரவேண்டும் என்னும் நெருக்கடியிலுள்ள உழவனுக்கு அறிவுரை கூறுவதை விடுத்து, அவன் விளைபொருளை அவன் கேட்கும் விலைக்கு வாங்குவோம்.

திட்டம் தாளில் இருக்கும்போதே பேசவேண்டும். கல் நட்டபின் பேசிப் பயனில்லை. 2041இல் இம்மண்ணில் வாழப்போகும் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். ஆடிப்பட்டம் என்றால் என்ன என்று அவர்கள் கேட்கும்போது, அகரமுதலியைப் புரட்டாமல், கைகாட்டி ஒரு காட்டைக் காட்டும் நிலையில் நாம் இருக்கவேண்டும்.

வாழ்க உழவு! வெல்க தமிழ்!